அத்தியாயம் பதினேழு: கழுவி எடுத்த சிவப்பு

உங்களுக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. பூட்டக்காவுக்கு இன்னும் பொழுதே சரியாக விடியவில்லை. "வயித்துல இருக்கிற குழந்தைக்கு ரத்தம் வத்திக்கிட்டே வருது. நாளைக்குள்ள உள்ளேயே ஏத்தணும். பொருத்தமான ரத்தம் தேடுங்க" என்று ஸ்கேன் டாக்டர் சொன்ன இடத்தில்தான் அவளைப் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். அவள் அதே வெள்ளைக் கோட்டோடு ரத்த வங்கியின் நீள மேஜைக்கு முன்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

பூட்டக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நாலு வீடு தள்ளிப் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி அவள். தம்பி கேலியாக வைத்த பெயர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாக ரத்தக் குழாய்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தக் குணத்துக்குத்தான் சம்பளமே கொடுக்கிறார்கள்.

குழந்தை அந்தத் தம்பியுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வீட்டிலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். இது ஏழாம் மாதம், முதல் குழந்தை.

இவர்கள் கல்யாணக் கதை ஊருக்கே மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முன்னால், டீச்சர் தன் கூடப் பிறந்த அக்கா ஓட்டிய ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, மண்ணீரல் கிழிந்து இதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவசரமாக ரத்தம் கேட்டார்கள். அந்த அக்காக்காரி மாடிப்படி இறங்கி ஓடியவள்தான், திரும்பி வரவில்லை. லிஃப்டுக்கு எண்ணெய் போட வந்த தம்பி, யார் எவர் என்று கேட்காமல் கையை நீட்டினான். பொருத்தம் பார்த்துக் கொடுத்தவள் பூட்டக்காவேதான். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பிழைத்து எழுந்தவள் நன்றி சொல்ல வந்தாள், அப்புறம் காரணமே இல்லாமல் வந்தாள், அப்புறம் மருமகளாக வந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க ரத்தம் அவ உடம்புல ஓடிச்சு" என்று பூட்டக்காவின் அம்மா சொல்லாத ஆள் கிடையாது.

அந்த ரத்தம்தான் இப்போது வினையாகி நிற்கிறது.

குரூப் என்று நாம் சொல்வது மேல்விலாசம் மாதிரி. ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் இன்னும் எத்தனையோ சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. தம்பியின் ரத்தத்தில் இருந்த, டீச்சரிடம் இல்லாத ஓர் அடையாளத்தை அவள் உடம்பு அன்றைக்கே மோப்பம் பிடித்து, இது அந்நியம் என்று நினைவில் வைத்துக்கொண்டது. இப்போது குழந்தை அப்பாவிடமிருந்து அதே அடையாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. தாயின் உடம்பில் ஊறிய எதிர்ப்பு, தொப்புள்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களைத் தேடித்தேடி அழிக்கிறது.

ஆகவே அந்த அடையாளம் இல்லாத ரத்தம் வேண்டும். இருப்பில் ஓ குரூப்பில் புதிதாக வந்த பைகள் பதினாலு இருந்தன. பதினாலில் ஒன்றாவது தேறாதா என்று பூட்டக்கா நினைத்தாள்.

ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு சொட்டு. அதோடு டீச்சரின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். சூட்டில் வைத்து, சுழற்றி எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். பொருந்தினால் சிவப்பு புகைபோல் கரைந்து எழும். பொருந்தாவிட்டால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக உதிரும்.

முதல் குழாய் திரிந்தது. இரண்டாவதும் திரிந்தது. எட்டுப் பைகளில் அந்த அடையாளம் இருந்தது. அவை திரிந்ததில் ஆச்சரியம் இல்லை. மிச்சம் ஆறில் அது இல்லை. ஆனால் அந்த ஆறும் திரிந்தன.

பூட்டக்கா ஆறையும் திரும்ப முதலிலிருந்து செய்தாள். ஆறும் திரிந்தன.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஒரு எதிர்ப்புக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. டீச்சரின் உடம்பு தம்பியிடம் கண்டது ஒரு அடையாளத்தை அல்ல, இரண்டை. இரண்டும் இல்லாத ஓ குரூப் ஆசாமி நூறு பேரில் ஏழெட்டுப் பேர்கூடத் தேறமாட்டார்கள். அந்த ஏழெட்டுப் பேரும் இன்றைக்கே, இந்த ஊரிலேயே, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நடப்பார்களா?

சும்மா இருக்க முடியாமல் தன் விரலைக் குத்தித் தன் சொட்டையும் போட்டுப் பார்த்தாள். கூழாங்கல் மாதிரி திரிந்தது. தம்பியின் அக்கா ரத்தம் வேறு எப்படி இருக்கும்.

வெளியே வராந்தாவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள், அத்தை மகன், ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒன்பது பேர், உயர வாரியாக. அம்மா முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். மனிதர்களைக் கண்டால் வரிசையில் நிறுத்தாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"ஒன்பது பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாம் நம்ம ஆளுங்க. யாரும் காலையில வெறும் வயித்தோட வரல, நான் விசாரிச்சுட்டேன். யாரு முதல்ல?"

"யாரும் வேண்டாம்மா."

"ஏண்டி? எங்க ரத்தத்துக்கு என்ன குறைச்சல்? ஒரு தடவை கொடுத்து அவளைக் காப்பாத்தினது யாரு?"

"அதனாலதாம்மா." பூட்டக்கா அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "அவ உடம்பு நம்ம வீட்டு ரத்தத்தைத்தான் பகைச்சுக்கிட்டிருக்கு. ஊர்ல எவனோ ஒருத்தனோடது பொருந்தினாலும் பொருந்தும். நம்மளோடது பொருந்தறதுதான் ரொம்பக் கஷ்டம். என்னோடதையே போட்டுப் பார்த்துட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. ஆறு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிவந்த கதை ஒன்று, கண் முன்னாலேயே தலைகீழாகத் தொங்கினால் யாருக்குத்தான் சுருங்காது. ஒன்பது பேரும் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அத்தை மகன் முகத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

பின்னால் சக்கர நாற்காலி கிறீச்சிட்டது. டீச்சரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய தம்பி, நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். இருவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

"அண்ணி," என்றாள் டீச்சர். "அப்ப என் ரத்தமே என் குழந்தையைத் தின்னுக்கிட்டிருக்கு. அப்படித்தானே?"

பூட்டக்காவுக்குப் பொய் வராது. ஆறுதலும் சட்டென்று வராது. "அப்படி இல்லம்மா" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் கையை நீட்டாமலே இருந்திருக்கலாம்," என்றான் தம்பி.

"நீட்டலன்னா நான் இருந்திருக்க மாட்டேன்," என்றாள் டீச்சர். அவள் அழவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பூட்டக்கா உள்ளே வந்துவிட்டாள்.

இனி ஒரே ஒரு வழி. கூடப் பிறந்தவர்களில் பொருத்தம் அமைய வாய்ப்பு அதிகம். டீச்சருக்கு இருப்பது அந்த அக்கா ஒருத்திதான். பூட்டக்காவின் அம்மா அவளுக்கு வைத்த பெயர் ஸ்கூட்டர்காரி. நாலு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில் இருக்கிறாள். "கேட்டப்ப ஓடினவ" என்று டீச்சர் அவளோடு பேச்சை முறித்து ஆறு வருஷம் ஆகிறது. பூட்டக்கா எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். விஷயம் முழுவதையும் சொன்னாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மணி பதினொன்று. ஸ்கேன் டாக்டர் போன் செய்தார். அவர் வார்த்தைகளை எண்ணித்தான் செலவழிப்பார்.

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"சாயங்காலத்துக்கு மேல தாங்காது."

பூட்டக்கா குழாய்களைக் கழுவப் போட எடுத்தாள். எடுத்தவள், வழக்கம்போல, கொட்டும் முன்னால் ஒரு தடவை வரிசையாகப் பார்த்தாள். பதினாலு குழாய். கடைசியில் தன்னுடையது. எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக, ஒரு குழாய்.

அந்தத் தனிக் குழாய் எல்லாச் சோதனையிலும் வைக்கிற ஒன்று. நோயாளியின் தெளிநீரோடு நோயாளியின் அணுவையே சேர்த்து வைப்பார்கள். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று தெரிந்துகொள்ள அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். பதினெட்டு வருஷமாகப் பூட்டக்காவும் மறந்துகொண்டுதான் இருந்தாள்.

அதை விளக்குக்கு நேராகப் பிடித்து ஆட்டினாள். சிவப்பு மெல்லக் கரைந்து புகையாக எழுந்தது. ஒரு பொட்டுக்கூடக் கட்டி இல்லை.

டீச்சரின் சிவப்பணு. ஓ குரூப். முதல் அடையாளம் இல்லை, இரண்டாவதும் இல்லை. இருந்திருந்தால் அவள் உடம்பு அவற்றைப் பகைத்திருக்காதே. எதிர்ப்பு ஊறியிருப்பது தெளிநீரில்தான், அணுவில் அல்ல. தெளிநீரைக் கழுவி எறிந்துவிட்டால் மிச்சம் நிற்பது குழந்தைக்கென்றே அளவெடுத்துத் தைத்த ரத்தம்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, காலையிலிருந்து ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஐந்து மாடி ஏறினாள். ஸ்கேன் டாக்டர் அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"டாக்டர், தாயோட ரத்தத்தையே எடுத்துக் கழுவிக் குழந்தைக்குக் கொடுத்துடலாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "படிச்சிருக்கேன். அரிய கேஸ்ல செய்வாங்க. ஆனா ஏழு மாசக் கர்ப்பிணி. அவங்களுக்கே ரத்தம் குறைச்சலா இருந்தா?"

"ஹீமோகுளோபின் பன்னெண்டு புள்ளி எட்டு. இன்னிக்குக் காலையில எடுத்தது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏழாம் மாசத்துல பன்னெண்டு புள்ளி எட்டா? எப்படி?"

எப்படி என்று பூட்டக்காவுக்குத் தெரியும். இரும்பு மாத்திரையை எண்ணி உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரே நின்று, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் ஒளித்திருக்கிறாளா என்று பார்க்கிற மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும். அந்த மாத்திரைச் சண்டையில் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றதுண்டு.

"அவங்க மாமியார் டைப்ரைட்டிங் டீச்சர், டாக்டர். தப்பு விட மாட்டாங்க."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "சரி. கொஞ்சமா எடுங்க. கழுவறதைச் சுத்தமா செய்யுங்க. ஆறு மணிக்கு நான் ஊசியோட நிப்பேன். ஆனா முதல்ல அந்தம்மா சம்மதிக்கணும்."

டீச்சரிடம் சொல்லப் போனபோது அம்மாவும் தம்பியும் கட்டிலருகில் இருந்தார்கள். பூட்டக்கா சுற்றி வளைக்கவில்லை.

"எதிர்ப்பு உன் ரத்தத்துல இருக்கிற தண்ணியிலதான் இருக்கு, டீச்சர். சிவப்புல இல்ல. தண்ணியைக் கழுவிட்டா, உன் சிவப்பு ஒண்ணுதான் இன்னிக்கு உன் குழந்தைக்குப் பொருந்தற ரத்தம். பதினாலு பை பார்த்தேன். என்னோடது பார்த்தேன். உன்னோடது மட்டும்தான் கரைஞ்சுது."

டீச்சர் தலையை நிமிர்த்தினாள். "உறுதியா?"

"நான் எதையும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுவேனா?"

டீச்சர் கையை நீட்டினாள். காலையிலிருந்து வயிற்றின் மேல் கிடந்த கை அது. "எடுங்கண்ணி," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் முகத்தையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை கசக்குதுன்னு என்னா ஆட்டம் ஆடினே," என்றாள் அம்மா. "இப்ப சொல்லு."

"இனிமே ரெண்டாவே கொடுங்க அத்தை," என்றாள் டீச்சர்.

பகல் முழுவதும் பூட்டக்கா நிமிரவில்லை. எடுத்த ரத்தத்துக்கு நோய்ச் சோதனைகள். அதைச் சுழற்றித் தெளிநீரைப் பிரித்து வெளியேற்றினாள். உப்புநீர் விட்டுக் கலக்கிச் சுழற்றி, மேலே நின்றதை எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை உப்புநீர். இன்னும் ஒரு தடவை. நியாயமாக அத்தோடு போதும். அவள் நாலாவது முறையும் கழுவினாள். பிறகு வெள்ளையணுக்கள் குழந்தைக்குள் போய் வம்பு செய்யாதபடி கதிர்வீச்சு இயந்திரத்துக்கு அனுப்பி வாங்கினாள். கடைசியாகக் கழுவிய நீரில் ஒரு சொட்டு எடுத்துத் தம்பியின் அணுவோடு சேர்த்துப் பார்த்தாள். எதிர்ப்பு மிச்சம் இருந்தால் இதில் திரிய வேண்டும்.

திரியவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் சிவப்பு அந்தக் குழாயில் நிம்மதியாகக் கரைந்தது.

ஐந்தே முக்காலுக்குச் சின்னப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். உள்ளே இருந்தது ஒரு டம்ளருக்கும் குறைவு. லிஃப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். தோளில் கருவிப் பை, கையில் சாவி.

"அரை மணியா இதை யாருக்கும் விடல," என்றான். "மேலே போற வரைக்கும் எந்த மாடியிலயும் நிக்காது. நான் செய்யக்கூடியது இது ஒண்ணுதான் அக்கா."

"பெரிய காரியம்டா," என்றாள் பூட்டக்கா. மனதாரத்தான் சொன்னாள்.

அறையை இருட்டாக்கியிருந்தார்கள். திரையில் குழந்தை சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. காலையிலிருந்து அசைவு குறைந்துபோயிருந்தது. ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்தபடியே நீண்ட ஊசியை இறக்கினார். ஊசி முனை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து, தொப்புள்கொடியின் மெல்லிய குழாயைத் தொட்டு நின்றது. முதலில் ஒரு சொட்டு எடுத்துக் கொடுத்தார். பூட்டக்கா பக்கத்திலிருந்த சின்ன இயந்திரத்தில் வைத்தாள். நாலரை. பன்னிரண்டு பதிமூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலரை.

"கொடுங்க," என்றார் டாக்டர்.

தாயின் சிவப்பு பிள்ளைக்குள் இறங்கியது. திரையில் அது குமிழ் குமிழாக ஓடுவது தெரிந்தது. டீச்சர் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு போட்டுப் பழகிய கண், ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.

முடித்ததும் இன்னொரு சொட்டு. இயந்திரம் யோசித்தது. பதினொன்றரை. பூட்டக்கா அதை நம்பிவிடவில்லை. இன்னொரு சொட்டு கேட்டு வாங்கி, திரும்பவும் வைத்தாள். பதினொன்றரை.

"பதினொண்ணரை," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"வலிச்சா சொல்லுங்க," என்றார் டாக்டர், ஊசியை உருவியபடி.

"வலி இல்ல டாக்டர். உதைக்குது," என்றாள் டீச்சர்.

கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டாள். பத்து நிமிஷத்தில் ஒன்பது பேருக்கும் தகவல் போய்விட்டது. அம்மாவின் பழைய கதையும் ஒரு மாலைக்குள் புது உருவம் எடுத்துவிட்டது. "எங்க மருமக ரத்தம் மாதிரி ரத்தம் ஊர்லயே கிடையாது. பதினாலு பையை ஓரங்கட்டிருச்சு" என்று லிஃப்டில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைத் தம்பியே கேட்டான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு பூட்டக்காவைத் தனியே அழைத்தார். "நல்லா செஞ்சீங்க. ஆனா இது ரெண்டு வாரம்தான் தாங்கும். அடுத்த தடவை அந்தம்மாகிட்ட எடுக்க முடியாது. வேற ஆள் பார்த்து வையுங்க."

அந்தக் கவலையோடு கீழே இறங்கியவளுக்கு ரத்த வங்கி மேஜையில் ஒரு சின்னக் குளிர்ப் பெட்டி காத்திருந்தது. மதியப் பஸ்ஸில் பார்சலாக வந்தது என்றார்கள். உள்ளே ஒரே ஒரு ரத்தக் குழாய். வேறோர் ஊர்ச் சோதனைக்கூடத்தின் சீட்டு. ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் எழுதியிருந்தது: ‘கூடப் பிறந்தவள்.’

பூட்டக்கா கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். சொட்டு விட்டாள், சூட்டில் வைத்தாள், சுழற்றினாள், விளக்குக்கு நேராகப் பிடித்தாள். புகை எழுந்தது. இன்னொரு தடவை செய்தாள். இன்னொரு தடவையும் புகை எழுந்தது.

நல்ல சேதியை நேரில் சொல்லலாம் என்று வார்டுக்குப் போனாள். டீச்சர் கண்ணை மூடியிருந்தாள். ஜன்னலோரம் போனபோது கையில் போன் அதிர்ந்தது.

"பொருந்துதா?" என்றது மறுமுனை. காலையில் மூச்சு மட்டும் விட்ட அதே ஆள்.

"பொருந்துது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"எப்ப வரணும்னு சொல்லுங்க, வந்துடறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு நான் ஓடாம கையை நீட்டியிருந்தா, அவளுக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காதுல்ல?"

பூட்டக்காவுக்குத்தான் பொய் வராதே.

"வந்திருக்காது," என்றாள். "என் தம்பியும் வந்திருக்க மாட்டான். இந்தக் குழந்தையும் வந்திருக்காது. அதையும் சேர்த்து நினைச்சுக்குங்க."

மறுமுனையில் விம்மல் கேட்டது. "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. என்னோடதுன்னு தெரிஞ்சா வேண்டாம்னுடுவா."

"யாரு அண்ணி?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. டீச்சர் விழித்திருந்தாள்.

"அடுத்த தடவைக்கு ரத்தம் கிடைச்சிருச்சு, டீச்சர்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. முழங்கையை ஊன்றி லேசாக எழுந்தாள். "யாரோடது? சொல்லுங்கண்ணி. நான் பேரைச் சொல்லி நன்றி சொல்லணும்."

பூட்டக்கா வாயைத் திறந்தாள். போனை அவள் இன்னும் அணைக்கவில்லை. நாலு மணி நேரத் தொலைவிலிருந்து இன்னொருத்தியும் அந்தப் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.